ஃபத்தீக்கா: ஓர் இத்தாலியச் சொல் பட்ட பாடு

நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுவது. அந்த வேலையைக் கேட்கப் போன அன்றைக்கே அதை இழக்கப் பார்த்தேன். கடைக்காரர் அடுப்பங்கரையிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டே சொல்லில் ஏதோ கேட்டார். முதல் சொல் என் காதில் விழவில்லை. இரண்டாவது சொல் 'ஃபத்திக்கா' என்று கேட்டது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு பாடநூலை வைத்துக்கொண்டு மூன்று மாதம் இத்தாலிய மொழி படித்தவன் நான். அந்தப் பாடநூலில் 'லவோரோ' என்றால் வேலை, 'ஃபத்தீக்கா' என்றால் களைப்பு. கையில் பையோடு வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறவனிடம் மனிதர் களைப்பாக இருக்கிறதா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். "இல்லை ஐயா, ரொம்ப நன்றி" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாசல் படியில் உட்கார்ந்து கணவாய் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்த ஓர் அம்மாள் சிரித்தார். அப்புறம் எனக்காக நிதானமான இத்தாலிய மொழியில் விளக்கினார். "வேலை வேணுமான்னு கேட்டாரு தம்பி. நீ வேண்டாம்னு சொல்லிட்டே."

நேப்பிள்ஸில் களைப்புக்கும் வேலைக்கும் ஒரே சொல்தான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தச் சொல்லைப் பற்றிப் பேசத்தான் இன்று நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள்.

முதலில் உச்சரிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஃபத், தீ, க்கா. நடுவில் வரும் 'தீ'யில்தான் அழுத்தம். இது பெயர்ச்சொல். நேப்பிள்ஸ்காரர்கள் இதையே வினையாக்கும்போது அழுத்தம் கடைசிக்குப் போய்விடும், 'தீ' குறுகி 'தி' ஆகும்: ஃபத்திக்கா. பொது இத்தாலிய மொழியில் அந்த வினை 'ஃபத்திக்காரே'.

அகராதியைத் திறந்தால் ஃபத்தீக்காவுக்கு இரண்டு பொருள் இருக்கும். உடம்பையோ மனசையோ வருத்திச் செய்கிற முயற்சி என்பது ஒன்று. அப்படி வருத்தியதால் வருகிற சோர்வு என்பது இன்னொன்று. காரணமும் அதன் விளைவும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. தமிழில் உழைப்பு வேறு, களைப்பு வேறு என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் 'பாடு' என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு. "பாடுபட்டு வளர்த்தேன்" என்று ஒரு தாய் சொன்னால் அது உழைப்பா, துன்பமா? இரண்டும்தான். மொழிபெயர்க்க உட்காரும்போது ஃபத்தீக்கா வருகிற இடத்தில் நான் முதலில் எழுதிப் பார்ப்பது 'பாடு'தான். பாதிக்கு மேல் பொருந்திவிடும். பொருந்தாத இடங்கள்தான் சுவாரசியமானவை.

பேச்சில் இந்தச் சொல் எப்படியெல்லாம் புழங்குகிறது என்று பாருங்கள். நேப்பிள்ஸின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் சிலவற்றில் லிஃப்ட் இருக்கும், ஆனால் காசு போட்டால்தான் நகரும். சில்லறை இல்லாதவர் ஐந்து மாடி ஏறி வந்து, வாசலில் பையை வைத்துவிட்டு, "கே ஃபத்தீக்கா!" என்பார். "அப்பப்பா!" என்று நாம் சொல்வோமே, அதுதான். "ஃபத்தீக்கா ஸ்ப்ரெக்காத்தா" என்றால் வீணாய்ப்போன உழைப்பு, நம் விழலுக்கு இறைத்த நீர். மூட்டை தூக்க, மேசை நகர்த்த, கிடங்கு ஒழிக்க என்று வைத்துக்கொள்கிற ஆளுக்கு "உவோமோ தி ஃபத்தீக்கா" என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பாட்டுக்கான மனிதன். பாட்டு என்று நான் சொல்வது இசைப் பாட்டை அல்ல, படுகிற பாட்டை. பார்த்தீர்களா, மொழிபெயர்ப்பாளன் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறான்.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்தது "ஃபாச்சோ ஃபத்தீக்கா" என்ற தொடர். நேர்ப்பொருள், 'ஃபத்தீக்கா செய்கிறேன்'. தூக்கம் வராமல் புரண்டு படுக்கிறவர், "தூங்க ஃபத்தீக்கா செய்கிறேன்" என்பார். படுக்கையில் கிடக்கிறவர் என்ன உழைக்கிறார்? ஆனாலும் அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் சொல்வதை ஒருவர் நம்பவில்லை, அதை முகத்துக்கு நேரே சொல்லவும் கூச்சப்படுகிறார் என்றால், "உங்களை நம்ப ஃபத்தீக்கா செய்கிறேன்" என்பார். இந்த இடத்தில் பாடு நிற்காது. "நம்பச் சிரமமாக இருக்கிறது" என்றுதான் தமிழில் எழுத வேண்டும்.

இந்தத் தொடரின் இலக்கணத்தைக் கவனியுங்கள். தமிழில் களைப்பு வருகிறது, எங்கிருந்தோ வந்து நம்மேல் உட்கார்ந்துகொள்கிறது. இத்தாலியர்களிடமும் அப்படி ஒரு களைப்பு உண்டு, அதற்கு 'ஸ்தாங்கெத்ஸா' என்று பெயர். களைத்தவன் 'ஸ்தாங்கோ'. அது ஒரு நிலைமை. ஃபத்தீக்காவோ செய்யப்படுவது. ராத்திரி தூங்கி எழுந்தால் ஸ்தாங்கெத்ஸா போய்விடலாம். ஃபத்தீக்கா அப்படியல்ல, வேலை முடிந்தால்தான் முடியும்.

சரி, நேப்பிள்ஸுக்குத் திரும்புவோம். பொது இத்தாலிய மொழியில் வேலைக்கு 'லவோரோ' என்று சொன்னேன் அல்லவா? அது லத்தீனின் 'லாபோர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த லத்தீன் சொல்லுக்கும் வேலை என்ற பொருளோடு துன்பம் என்ற பொருளும் உண்டு. ஆனால் லவோரோ காலப்போக்கில் துடைத்துப் பளபளப்பாகிவிட்டது. அலுவலகத்துக்கும் போகும், ஒப்பந்தத்திலும் வரும், கடைசியில் அரசியல் சாசனத்திலேயே ஏறிவிட்டது. 1948 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு, இத்தாலி லவோரோவை அடித்தளமாகக் கொண்ட ஜனநாயகக் குடியரசு என்று தொடங்குகிறது. 'தொழிலாளர்களின் குடியரசு' என்று எழுத வேண்டும் என்பது கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாத்தியின் தரப்பு. அது நிறைவேறவில்லை. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ஃபன்ஃபானி முன்வைத்த வாசகம்தான் நிலைத்தது. இந்த வரியை நேப்பிள்ஸ் பேச்சில் மாற்றினால், ஃபத்தீக்காவின் மேல் கட்டப்பட்ட குடியரசு என்றாகும். எங்கள் கடைச் சமையல்காரர் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஏனென்றால் அந்த ஊர்ப் பேச்சில் வேலைக்கு இயல்பான சொல் ஃபத்தீக்காதான். வேலை இல்லாதவன் 'ஃபத்தீக்கா இல்லாமல் இருக்கிறேன்' என்பான். அந்தத் தொடரைப் பாடநூல் கண்ணோடு பார்த்தால், களைப்பு இல்லாமல் சுகமாக இருக்கிறேன் என்றல்லவா பொருள் வரும்? வேலை தேடி அலைந்து செருப்புத் தேய்ந்தவனின் புலம்பல் அது. அந்த ஊரில் ஒரு பழமொழியும் உண்டு. உழைக்கிறவன் சாப்பிடுவான், உழைக்காதவன் சாப்பிட்டுவிட்டுக் குடிக்கவும் செய்வான். அதிலும் உழைப்பதற்கு வருகிற சொல் இதுவேதான். நேப்பிள்ஸ்காரர்களைச் சோம்பேறிகள் என்று வடக்கே கிண்டல் செய்வதை நானே கேட்டிருக்கிறேன். வேலைக்கும் களைப்புக்கும் வேறுபாடே பார்க்காமல் ஒரே பெயர் வைத்திருக்கிற ஊரைப் பற்றி அப்படிப் பேச எப்படித்தான் மனசு வருகிறதோ.

நேப்பிள்ஸுக்கு வடக்கே, காசெர்த்தாவைச் சுற்றியுள்ள வளமான சமவெளிக்கு 'தெர்ரா தி லவோரோ', அதாவது உழைப்பின் நிலம் என்று பழைய பெயர். பெயரைக் கேட்டதும் ஆகா என்று தோன்றும். ஆனால் அதற்கும் உழைப்புக்கும் தொடர்பில்லை. 'லெபோரியே' என்று ரோமானியர்கள் அந்தப் பகுதிக்கு வைத்திருந்த பெயர் மக்கள் வாயில் புரண்டு அப்படி ஆகியிருக்கிறது. அந்தப் பெயரில் இருந்த மாகாணத்தை 1927-இல் முசோலினி அரசு கலைத்துவிட்டது.

சிசிலிக்குப் போனால் கதை வேறு. அங்கே வேலைக்கு 'த்ரவாக்யு' என்பார்கள். மறுகோடியில், ஆல்ப்ஸ் அடிவாரத்துப் பியெமொன்த்தேயில் 'த்ராவாய்'. இரண்டும் பிரெஞ்சு மொழியின் 'த்ரவாய்', ஸ்பானிய மொழியின் 'த்ரபாஹோ' ஆகியவற்றின் உறவு. இந்தக் குடும்பத்துக்கு மூலம் 'த்ரிபாலியும்', மூன்று கழிகளை நட்டு ஆளைக் கட்டி வதைக்கும் கருவி என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பொது இத்தாலிய மொழியில் இதன் வடிவம் 'த்ராவால்யோ'. அதற்கு வேலை என்று பொருளே இல்லை. பெருந்துன்பம், அப்புறம் பிரசவ வலி. நண்பரின் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தபோது, மருத்துவமனைக் கதவில் 'சாலா த்ராவால்யோ' என்று எழுதியிருந்ததை முதல்முறை பார்த்தேன். ஒரே குடும்பத்துச் சொல் பாரிஸில் அலுவலகத்துக்குப் போகிறது, இத்தாலியில் பிரசவ அறையில் கத்துகிறது.

இப்போது பிறப்புக்கு வருவோம். ஃபத்தீக்கா என்ற பெயர்ச்சொல், 'ஃபத்திகாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. களைக்கச் செய், வாட்டி எடு என்று பொருள். அதன் பின்பாதியான 'இகாரே' நமக்குப் புதிதல்ல. 'நாவிகாரே' என்றால் கப்பல் ஓட்டு: நாவிஸ் என்பது கப்பல், ஆகெரே என்பது ஓட்டு, விரட்டு, நடத்து. 'லிதிகாரே' என்றால் வழக்காடு, அதாவது வழக்கை நடத்து. அப்படியென்றால் ஃபத்திகாரே என்பதும் எதையோ விரட்டுவதாகத்தான் இருக்க வேண்டும். எதுவரை விரட்டுவது?

முன்பாதியான 'ஃபத்தி'யில்தான் விஷயம் இருக்கிறது. அதை மொழியியலாளர்கள் பலர் 'ஃபத்திஸ்கெரே' என்ற இன்னொரு லத்தீன் வினையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அதற்கு விரிசல் விடு, பிளந்துகொள், வாய் பிள என்று பொருள். களைத்துப்போதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆக, ஃபத்திகாரே என்றால் விரிசல் விடுகிற வரை விரட்டு. மாட்டையோ, ஆளையோ, எதையோ. முதன்முதலில் இதைப் படித்தபோது எங்கள் கடைச் சமையலறைதான் என் கண்முன் வந்தது. சனிக்கிழமை இரவு பதினோரு மணி. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் கணுக்கள் வெடித்திருக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் உயிர் போகும்.

இன்றைய இத்தாலிய மொழியில் அந்த விரிசல் வினை முழுசாகச் சாகவில்லை. 'ஃபாத்திஷென்த்தே' என்று ஒரு பெயரடையாக உயிரோடு இருக்கிறது. சுவர் பிளந்து, காரை உதிர்ந்து, எப்போது விழுமோ என்று நிற்கிற கட்டடத்துக்குச் செய்தித்தாள்கள் தவறாமல் போடுகிற அடைமொழி அது. ஃபத்தீக்காவும் ஃபாத்திஷென்த்தேயும் உறவு என்று இத்தாலியர்களிடம் சொன்னால் பலர் நம்ப ஃபத்தீக்கா செய்வார்கள்.

லத்தீன் கவி விர்ஜில் தன் காவியத்தின் முதல் பகுதியில் ஒரு புயலை வர்ணிக்கிறார். ட்ராய் நகரத்திலிருந்து தப்பி வந்தவர்களின் கப்பல்கள் சிசிலியைத் தாண்டித் திர்ரேனியக் கடலில் மாட்டிக்கொள்கின்றன. பலகைகளின் பொருத்து விடுகிறது, தண்ணீர் உள்ளே புகுகிறது, கப்பல்கள் விரிசல்களாய் வாய் பிளக்கின்றன. அந்த இடத்தில் அவர் போடுகிற வினை ஃபத்திஸ்கெரேதான். இந்தக் கடலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1954 ஜனவரி 10. ரோமின் சாம்பீனோ விமான நிலையத்திலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் கிளம்பியது. சிங்கப்பூரில் தொடங்கிய பயணத்தின் கடைசிக் கட்டம் அது. விமானத்தின் பெயர் காமெட். பயணிகளை ஏற்றிய உலகின் முதல் ஜெட் வகை. புழக்கத்துக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கிளம்பிய இருபது நிமிடத்தில், எல்பா தீவுக்குப் பக்கத்தில், அதே திர்ரேனியக் கடலில் துண்டுதுண்டாக விழுந்தது. உள்ளே இருந்த 35 பேரும் இறந்தார்கள். எல்பாவின் மீனவர்கள்தான் படகில் போய் உடல்களைக் கொண்டுவந்தார்கள். காரணம் புரியவில்லை. சில திருத்தங்கள் செய்து, விமானங்களை மறுபடி பறக்க விட்டார்கள். ஏப்ரல் 8 அன்று ரோமிலிருந்து கெய்ரோ போன இன்னொரு காமெட் நேப்பிள்ஸுக்கு அருகே கடலில் விழுந்தது. அதில் 21 பேர்.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட்டின் உடற்பகுதியைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றுவதும் இறக்குவதுமாக, ஒவ்வொரு பயணத்திலும் விமானம் மேலே போய்க் கீழே வரும்போது உண்டாகிற அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து மூவாயிரம் தடவைக்குச் சற்று மேல் ஆனபோது உலோகத்தோல் பிளந்தது. ஒரே தடவையில் தாங்க முடியாத சுமை என்று எதுவும் இல்லை. தாங்கக்கூடிய சுமையே மறுபடி மறுபடி வந்ததில், திறப்புகளின் மூலைகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கி, ஊர்ந்து, ஒருநாள் சட்டென்று ஓடிவிட்டது. கடலடியிலிருந்து எடுத்த எல்பா விமானத்தின் கூரைத் துண்டிலும் அதே கதைதான்.

பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயரை நாம் தமிழில் உலோகச் சோர்வு என்கிறோம். இத்தாலியப் பொறியாளர் 'ஃபத்தீக்கா' என்பார். உலோகம் ஃபத்தீக்காவால் உடைந்தது என்று எழுதுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் காரணமில்லாமல் முறிந்தபோது, மனிதனின் களைப்பை உவமையாக எடுத்து இரும்புக்கு வைத்த பெயர் அது. அவர்கள் உவமை என்று நினைத்து வைத்தார்கள். அந்தச் சொல்லோ தன் சொந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. அது பிறந்ததே விரிசலிலிருந்துதானே.

இரும்பை விடுங்கள், உடம்புக்கு வருவோம். ஃபத்தீக்காவை அளந்து பார்த்த ஒருவர் இருந்தார். பெயர் ஆஞ்சலோ மொஸ்ஸோ. 1846-இல் தூரினில் பிறந்தவர், தச்சர் மகன். உடலியல் பேராசிரியராக வளர்ந்து, 1891-இல் இந்த ஒற்றைச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார்.

அவர் ஒரு கருவி செய்தார், எர்கோகிராஃப் என்று பெயர். பார்க்க எளிமையானது. முன்கையை ஒரு பலகையில் அசையாமல் கட்டிவிடுவார்கள். ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் உலோகக் குழாய்க்குள். நடுவிரல் மட்டும் சுதந்திரம். அதில் ஒரு தோல் வளையம், வளையத்தில் நூல், நூலின் மறுமுனையில் கப்பி வழியாகத் தொங்குகிற எடை. பெரும்பாலும் மூன்று கிலோ. தாளக்கருவி தட்டத் தட்ட இரண்டு நொடிக்கு ஒருமுறை விரலை மடக்கி எடையைத் தூக்க வேண்டும். எவ்வளவு உயரம் தூக்கினோம் என்பதை ஒரு முள், புகை படிந்த காகிதம் சுற்றிய உருளையில் கோடாகக் கீறும். முதல் கோடுகள் உயரமாக இருக்கும். போகப் போகக் குட்டையாகும். கடைசியில் நீங்கள் என்னதான் பல்லைக் கடித்தாலும் விரல் அசையாது. மூன்று கிலோ எடைதான், ஆனாலும் அசையாது.

மொஸ்ஸோ கண்டுபிடித்ததில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்த ஒன்று உண்டு. இந்தக் கோடுகள் இறங்குகிற விதம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குப் படிப்படியாக இறங்கும். இன்னொருவருக்குக் கடைசி வரை உயரமாகவே நின்று திடீரென்று விழும். மறுநாள் அளந்தாலும், வருடங்கள் கழித்து அளந்தாலும் அவரவர் வளைவு அவரவருக்கே உரியதாக இருந்தது, கையெழுத்து மாதிரி. எங்கள் சமையலறையிலும் இப்படித்தான். ராத்திரி பத்து மணிக்கே முனக ஆரம்பித்து ஒரு மணி வரை தாக்குப் பிடிக்கிறவர் ஒருவர். இன்னொருவர் பன்னிரண்டு மணி வரை பாடிக்கொண்டே இருப்பார், பிறகு ஒரு வார்த்தை பேசாமல் மாவு மூட்டைமேல் போய் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் அவரை எழுப்ப முடியாது.

மொஸ்ஸோவின் சகாவான பேராசிரியர் ஒருவர், மாணவர்களுக்கு மணிக்கணக்காக வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு நேராக வந்து இந்தக் கருவியில் கையை வைத்தார். அன்று முழுக்க நாற்காலியை விட்டு எழாத மனிதர், மூளைக்கும் வாய்க்கும் மட்டும்தான் வேலை. விரலோ வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் கைவிட்டுவிட்டது. ஆசிரியர் வேலையில் இருக்கும் நேயர்கள் இதற்கு எர்கோகிராஃப் எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அதுவரை அதற்குக் கணக்கு இல்லை. ஓடிக் களைத்த நாயின் ரத்தத்தை ஓய்வெடுத்த நாய்க்குச் செலுத்தி, அதுவும் சோர்ந்துபோவதையும் மொஸ்ஸோ பார்த்தார். களைப்பு என்பது வெறும் காலியாகிப்போவதல்ல, உடம்பில் ஏதோ சேர்கிறது என்று அதிலிருந்து கருதினார். 1894-இல் சில சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு ரோஸா மலையில் 4,554 மீட்டர் உயரத்தில் இருக்கும் மார்கெரீத்தா குடிலுக்கே ஏறி, அங்கே தங்கியும் சோதனைகள் செய்தார்.

அந்தப் புத்தகத்தில் அவர் ஃபத்தீக்காவை இரண்டாகப் பிரிக்கிறார். தசையின் பலம் குறைவது ஒன்று, அதை நாம் உள்ளே உணர்வது வேறொன்று. இரண்டும் எப்போதும் சேர்ந்தே போவதில்லை. பலம் மிச்சம் இருக்கும்போதே மனசு போதும் என்று சொல்லிவிடும். மனசு இன்னும் என்று சொல்லும்போது விரல் நின்றுவிடும். அகராதிக்காரர்கள் எண் போட்டு எழுதிய இரண்டு பொருளைக் கருவி வைத்து அளந்தவர் இவர்தான் என்று எனக்குத் தோன்றும். அவர் சோதனைக்கூடத்தோடு நின்றுவிடவும் இல்லை. சிசிலியின் கந்தகச் சுரங்கங்களில் கனிமத்தை முதுகில் சுமந்து மேலே ஏறிய சிறுவர்களும் அந்தப் புத்தகத்தில் வருகிறார்கள். அவர்களுக்கு 'கரூஸி' என்று பெயர். குடும்பத்துக்கு ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்துப் பையன்களை வேலைக்கு எடுப்பார்கள். அந்தப் பணத்துக்குச் 'செத்த உதவி' என்று பெயர். அடைத்து முடிக்கும் வரை பையன் அங்கேதான். எத்தனை வருடமானாலும்.

இந்தச் சொல்லைப் பெருமையாகச் சொல்கிற இடமும் இத்தாலியில் உண்டு, அது சைக்கிள் பந்தயம். 1909-இல் முதல் 'ஜீரோ தித்தாலியா' நடந்தது. நாட்டைச் சுற்றி 2,448 கிலோமீட்டர், எட்டே கட்டங்கள். முதல் கட்டம் மிலானிலிருந்து பொலோன்யா வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர். விடிவதற்கு முன்பே, இரவு மூன்று மணி வாக்கில் கிளம்பினார்கள். 127 பேர் புறப்பட்டு 49 பேர் முடித்தார்கள். வென்றவர் லுயீஜி கன்னா, கொத்தனார். கட்டட வேலைக்குத் தினமும் மிலானுக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வந்தவர். வென்றபின் எப்படி இருக்கிறது என்று கேட்டார்களாம். உட்காரும் இடம் ரொம்ப எரிகிறது என்று அவர் தன் ஊர்ப் பேச்சிலேயே பதில் சொன்னதாக இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மலைக் கட்டங்களை வர்ணிக்கிறவர்கள் ஃபத்தீக்கா என்று சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு பக்தி இருக்கும். சுரங்கத்துப் பையனுக்கும் அதே சொல், சாம்பியனுக்கும் அதே சொல். எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

பத்திரிகைக்காரர்கள் ஒரு படி மேலே போய்விட்டார்கள். ஓர் இயக்குநரின் புதிய படமோ எழுத்தாளரின் புதிய நாவலோ வந்தால் "அவருடைய கடைசி ஃபத்தீக்கா" என்று எழுதுவார்கள். இதைத் தமிழில் எழுதுவதற்குள் நான் படுகிற பாடு இருக்கிறதே! 'கடைசிப் பாடு' என்றால் படித்தவர்கள் பதறிவிடுவார்கள். 'அண்மைப் படைப்பு' என்று எழுதிவிட்டு நகர்கிறேன். படைப்பு வந்துவிடுகிறது, பாடு காணாமல் போகிறது.

இந்த வழக்குக்குப் பின்னால் ஹெர்குலிஸ் நிற்கிறார் என்று நினைக்கிறேன். அவர் செய்து முடித்த பன்னிரண்டு அருஞ்செயல்களை ரோமானியர்கள் 'லாபோரெஸ்' என்றார்கள். இத்தாலியர்கள் 'எர்க்கோலேயின் பன்னிரண்டு ஃபத்தீக்கே' என்கிறார்கள். லவோரோ என்று சொல்லலாமே? சொல்வதில்லை. சிங்கத்தைக் கொன்றதும், முப்பது வருடம் கூட்டாத தொழுவத்தைக் கழுவியதும் லவோரோவில் அடங்காது போல.

அந்த ஹெர்குலிஸின் மிகப் புகழ்பெற்ற சிலை நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊருக்கு வந்த முதல் வாரமே போய்ப் பார்த்துவிட நினைத்தேன். எங்கள் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. எட்டு மாதம் கழித்து, ஆகஸ்டில் கடையை ஒரு வாரம் மூடியபோதுதான் போக முடிந்தது.

மூன்று மீட்டருக்கு மேல் உயரமான பளிங்குச் சிலை. 1546-இல் ரோமில், கரகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகளுக்குள் கிடைத்தது. கீழே ஏதென்ஸ்காரர் கிளைக்கோன் செதுக்கியது என்று பெயர் வெட்டியிருக்கிறது. கிரேக்கச் சிற்பி லிசிப்பஸ் வெண்கலத்தில் வார்த்ததைப் பார்த்து அவர் செய்தது. கிடைத்தபோது கால்கள் இல்லை. வேறு கால்கள் செய்து பொருத்தினார்கள். பிறகு அசல் கால்கள் அகப்பட்டும், புதிய கால்களோடேயே இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நின்றிருக்கிறார்.

வீரன் என்றால் மார்பை நிமிர்த்தி நிற்பான் என்று எதிர்பார்த்துப் போனேன். இவர் தன் தடியை இடது அக்குளுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, மேலே சிங்கத்தோலைப் போட்டு, முழு பாரத்தையும் அதில் சாய்த்து நிற்கிறார். தலை தொங்கிக் கிடக்கிறது. உலகத்தில் யாருக்கும் இல்லாத தசைகள் அந்த உடம்பில் இருக்கின்றன. அந்த முகத்தை நான் தினமும் ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் கடையில் பார்த்திருக்கிறேன்.

வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். சுற்றிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அந்தக் கையில் உலகத்தின் கோடியிலிருந்து கொண்டுவந்த பொன் ஆப்பிள்கள். பரவலாகச் சொல்லப்படும் வரிசைப்படி அது பதினோராவது ஃபத்தீக்கா. இன்னும் ஒன்று பாக்கி. பாதாளத்துக்கு இறங்கிப் போய் அங்கே காவல் காக்கிற மூன்று தலை நாயைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

அந்தக் கைக்கு நேரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் கடை திறப்பு. ஒரு வாரம் பூட்டிக் கிடந்த சமையலறையைக் கழுவிவிட என்னைக் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.